பாவித்த பொருளும் அதன் மதிப்பும்

கொழும்பு மருதானைப் பகுதியில், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை வழியே செல்வோர் பழைய புத்தகக் கடைகளின் வரிசையொன்றைக் காண்பர். அதற்கு அணித்தாயுள்ள பஞ்சிகாவத்தையிற் பழைய வாகன உதிரிப்பாகங்கள் குவிந்திருக்கும். நாட்டின் ஏனைய நகரங்களிலும் பாவித்த தளபாடம், தையல் இயந்திரம், சைக்கிள், உடுப்பு, பாத்திரம் முதலியவற்றை வாங்கி விற்கும் சிறு கடைகள் பல உள. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, புதுப்பொருள்களின் விலை பலருக்கும் எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, பாவித்த பொருளே எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. இத்தகைய கடைகளைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு கடையில் ஒரு பழைய மரக் கதிரை 2,000 ரூபாவுக்கும் விலைபோகாமல் மூலையிற் கிடக்கிறது. அடுத்த தெருவிலுள்ள கடையில் அதனை ஒத்த கதிரை 5,000 ரூபாவுக்கு ஒரே வாரத்தில் விற்றுவிடுகிறது. மரமும் ஒன்று, வயதும் ஒன்று, செய்த தச்சனும் ஒருவனாகவே இருக்கலாம். அப்படியாயின் அந்த 3,000 ரூபா எங்கிருந்து வந்தது? இரண்டாவது கடைக்காரர் பேச்சுச் சாதுரியத்தால் ஏமாற்றி வாங்கினாரா? அன்றேல் முதலாமவர் தமக்கு உரிய பணத்தைத் தெரியாமலே இழந்தாரா? சிறு முதலை நம்பிக் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியின் விடையிலேதான் பிள்ளைகளின் சோறு இருக்கிறது.

பழமையே விலையைக் குறைப்பது என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் தருவிக்க 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய மோட்டார் வண்டிகள் பல, முன்பு வாங்கிய விலையினும் மிக உயர்ந்த விலைக்குக் கைமாறியதை நாம் அறிவோம். வண்டிக்கு வயது ஏறியது. விலையும் உடன் ஏறியது. புதியது கிடைக்காமையே அதற்குக் காரணம். ஆகவே வயது மாத்திரம் விலையைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு. வேறொரு சக்தியும் இதில் உண்டு. அதனை விளக்கியவர் ஓர் அமெரிக்கப் பொருளியலறிஞர்.

ஜோர்ஜ் அக்கலோஃப் என்னும் அவ்வறிஞர் 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கெட்ட மோட்டார் வண்டியை அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘எலுமிச்சை’ என்பர். எலுமிச்சைகளின் சந்தை பற்றியதே அக்கட்டுரை. இத்துறையில் ஆற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 2001ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அவருடைய கருத்தை நம் ஊர்ச் சைக்கிளைக் கொண்டு விளக்குகிறேன்.

ஒரு சந்தையில் இருவகைப் பழைய சைக்கிள்கள் உள எனக் கொள்வோம். நல்லதன் பெறுமதி 20,000 ரூபா. கெட்டதன் பெறுமதி 8,000 ரூபா. எது நல்லது, எது கெட்டது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்க வந்தவருக்குத் தெரியாது. இரண்டும் மினுக்கித் துடைக்கப்பட்டு ஒன்றுபோலவே நிற்கின்றன. வாங்குபவர் என் செய்வார்? நல்லதும் அமையலாம், கெட்டதும் அமையலாம் என்று எண்ணி, நடுத்தரமாக 14,000 ரூபா தரலாம் என்பார். அந்த விலைக்கு நல்ல சைக்கிளின் சொந்தக்காரர் இணங்கார். தம் வண்டியை உருட்டிக்கொண்டு வீடு திரும்புவார். கெட்ட சைக்கிளின் சொந்தக்காரரோ மகிழ்ச்சியோடு முன்வருவார். சில நாளிற் சந்தையில் எஞ்சுபவை கெட்டவை மாத்திரமே. அதை உணர்ந்த மக்கள் 8,000 ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் தர மறுப்பர். முடிவில், நல்ல சைக்கிளை விற்க விரும்பியவரும் விற்கவில்லை. அதனை வாங்கக் கையிற் பணத்தோடு நின்றவரும் வாங்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பாவித்த பொருளின் விலையை அழுத்தி வைத்திருப்பது பெரும்பாலும் வாங்குவோர் மனத்திலுள்ள ஐயம். ‘இது எத்தனை நாளைக்கு உழைக்கும்? எதை மறைக்கிறார்கள்? யாருடையது? நாளை உடைந்தால் யாரிடம் போவது?’ என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் விலையிலிருந்து ஒரு பங்கை வெட்டியெடுக்கின்றன. ஐயத்தைத் தீர்த்தால், வெட்டுண்ட பங்கு திரும்ப வந்து சேரும். நான் முன்னர் கூறிய 3,000 ரூபா அங்கிருந்தே வந்தது. பாவித்த பொருளை விற்பவருடைய தொழில், உண்மையில், ஐயம் தீர்க்கும் தொழில். இனி அதனைச் செய்யும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது சுத்தம். இதனைச் சிறு காரியமென்று எவரும் கருதுதல் கூடாது. யப்பானில் 1990ஆம் ஆண்டில், சகாமிஹரா என்னும் நகரில், ‘புக் ஓஃப்’ என்ற பெயரில் ஒரு பழைய புத்தகக் கடை தொடங்கியது. அதுகாறும் அந்நாட்டிற் பழைய புத்தகக் கடையென்றால் மங்கிய வெளிச்சமும், ஒடுங்கிய வழியும், தூசும் நிறைந்த இடமென்றே பலரும் எண்ணினர். புதிய கடையோ வெளிச்சமும் அகன்ற நடைவழியும் உடையதாய், புதுப் புத்தகக் கடைபோலவே விளங்கியது. வாங்கிய புத்தகத்தின் அட்டையைத் துடைத்தார்கள்; மஞ்சளித்த தாள் விளிம்புகளை இயந்திரத்தால் மெல்ல அராவி வெண்மையாக்கினார்கள். நூலின் உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் பிறர் கைபட்ட பொருளைத் தொடத் தயங்கியோரும் அதனைக் கையில் எடுத்தனர். இன்று அந்நிறுவனத்துக்குப் பல நூறு கடைகள் உள.

நமது கடைகளுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. சவர்க்காரத் தண்ணீரும், பழைய துணியும், வெயிலும் போதும். அலுமாரியின் இழுப்பறைகளைக் கழற்றி ஒருநாள் வெயிலில் வைத்தால் புழுங்கல் மணம் நீங்கும். உடுப்புகளைத் துவைத்து, மினுக்கி, தொங்கவிட வேண்டும். மணம், பிசுக்கு, தூசு ஆகிய மூன்றும் பொருளின் பயனைக் குறைப்பனவல்ல. ஆனால் ‘முன் சொந்தக்காரர் இதனைப் பேணவில்லை’ என்று அவை வாங்குபவர் காதிற் சொல்கின்றன. வெளியே பேணப்படாதது உள்ளேயும் பேணப்பட்டிராது என்று அவர் முடிவுசெய்வது இயல்பே.

இரண்டாவது திருத்தம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்த போதகர் 1902ஆம் ஆண்டளவில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். வசதி படைத்தோர் வீடுகளிலிருந்து வேண்டாத உடுப்புகளையும் சாமான்களையும் சேர்த்தார். வேலையற்ற ஏழைகளைக் கொண்டு அவற்றைத் தைத்தும் திருத்தியும் விற்பித்தார். அவர்களுக்குக் கூலியும் கொடுத்தார். ‘குட்வில்’ என்னும் பெயரில் இன்றும் நடைபெறும் பெரிய அமைப்பு அவ்வாறே பிறந்தது. கிழிந்த சட்டைக்கும் தைத்த சட்டைக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டில் ஒரு மனிதனின் நாட்கூலி அடங்கியிருந்ததை அவர் கண்டார்.

ஆனால் திருத்தத்துக்கும் ஓர் அளவு வேண்டும். ஆடும் கதிரைக் காலைப் பசையிட்டு இறுக்குவதும், சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும் மலிவான வேலைகள். அவை நீக்கும் ஐயமோ பெரிது. மாறாக, ஒல்லாந்தர் காலப் பாணியில் அமைந்த முதிரை அல்லது கருங்காலித் தளபாடம் கையில் அகப்பட்டால், அதனைச் சுரண்டிப் புதுமெருகு பூச அவசரப்படுதல் தவறு. பழந்தளபாடங்களை அறிந்து வாங்குவோர் தேடுவது காலம் தந்த அந்த மெருகையே. அதனை அழித்தபின் எப்பணம் கொடுத்தும் திரும்பப் பெற இயலாது. எனவே திருத்துமுன், ‘இதனை வாங்கப்போகிறவர் யார்?’ என்று ஒரு கணம் சிந்தித்தல் நன்று.

மூன்றாவது வழி பலருக்கும் வியப்பளிப்பது. பொருளின் குறையை விற்பவர் தாமே முந்திச் சொல்ல வேண்டும். ‘இடப்பக்க இழுப்பறைக்குத் திறப்பு இல்லை, பின்பலகையிற் சிறு வெடிப்பு உண்டு, மற்றைய யாவும் நன்று’ என்று ஒரு சீட்டில் எழுதி அலுமாரியில் ஒட்டிவிடுங்கள். இதனால் விற்பனை கெடும் என்று அஞ்ச வேண்டாம். வாங்குபவர் தாமாகக் கண்டுபிடித்த ஒரு குறை, காணாத பத்துக் குறைகளை அவர் மனத்தில் உண்டாக்கும். நீங்கள் சொன்ன குறையோ, சொல்லாதவிடத்துக் குறையில்லை என்பதற்குச் சாட்சியாக நிற்கும். இப்பொழுது பலர் பொருளைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து இணையத்தில் விற்கின்றனர். அங்கேயும் இவ்விதியே பொருந்தும். அழகிய படங்கள் நான்கோடு, கீறல் விழுந்த இடத்தின் படமொன்றையும் சேர்த்தால், தூரத்திலிருந்து வருபவர் வீண்பயணம் போனோமே என்று மனம் வெதும்பித் திரும்பமாட்டார்.

நான்காவது, சோதித்துப் பார்க்கும் வசதியும், மாற்றிக்கொடுக்கும் உறுதியும். மின்விசிறி விற்கும் கடையில் ஒரு மின்செருகி இருக்க வேண்டும். உடுப்பு விற்கும் கடையில் ஒரு கண்ணாடியும், திரையிட்ட சிறு மறைவிடமும் இருக்க வேண்டும். தையல் இயந்திரத்தின் அருகே நூல் கோத்த ஊசியும், ஒரு துண்டுத் துணியும் வைத்திருந்தால், வாங்க வந்த பெண்மணி தாமே நான்கு தையல் போட்டுப் பார்ப்பார். கடைக்காரரின் நூறு வார்த்தைகள் செய்யாததை அந்த நான்கு தையல் செய்துவிடும். ‘ஏழு நாளைக்குள் பழுதானால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருவோம், அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம்’ என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது அதனினும் வலிது. ஐயத்தால் விளையும் கேட்டுக்கு மருந்தாக அக்கலோஃப் எடுத்துக்காட்டியவற்றுள் இத்தகைய உத்தரவாதமும் ஒன்று. கெட்ட பொருளை விற்பவன் இவ்வுறுதியைக் கொடுக்கத் துணியான். அதனால், கொடுப்பவருடைய பொருள் நல்லது என்பதை அவ்வுறுதியே அறிவித்துவிடுகிறது.

ஐந்தாவது விலைச்சீட்டு. விலை எழுதப்படாத கடையில், ‘என் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்களோ’ என்ற எண்ணம் வாங்குபவருக்கு எழும். கேட்க வெட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்புவோரும் உளர். பாரிஸ் நகரில் ‘பொன் மார்ஷே’ என்னும் கடையை அரிஸ்ரிட் பூசிக்கோ 1852ஆம் ஆண்டு தொடக்கம் நடத்தி வளர்த்தபோது, எல்லாப் பொருளுக்கும் விலை குறித்தார். எல்லாருக்கும் ஒரே விலை என்றார். விரும்பாத பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் இடமளித்தார். சிறிய கடையாக இருந்த அது பெருங்கடையாக வளர்ந்தது. நம் நாட்டிலோ பேரம் பேசுதல் பழகிய வழக்கம்; அதனை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. எழுதிய விலையிலிருந்து சிறிது குறைத்துக் கொடுத்தாலும், விலை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பேரம் அங்கிருந்து தொடங்கினால் இருவருக்கும் மனக்கசப்பில்லை.

ஆறாவது, பொருளின் வரலாறு. 2009ஆம் ஆண்டில் றொப் வோக்கர், ஜொஷுவா கிளென் என்னும் அமெரிக்கர் இருவர் ஒரு சோதனை செய்தனர். பழைய சாமான் கடைகளில் மிக மலிவான பொருள்கள் நூறை வாங்கினர். அவற்றின் மொத்த விலை 129 டொலருக்குட்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எழுத்தாளரைக் கொண்டு ஒரு கற்பனைக் கதை எழுதுவித்து, அக்கதையோடு பொருளை இணைய ஏலத்தில் விட்டனர். கிடைத்த தொகை 3,600 டொலருக்கும் மேல். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவை கற்பனைக் கதைகள் என்பதை, எழுதியவர் பெயரோடு, அவர்கள் வெளிப்படையாக அறிவித்தனர். வாங்கியோர் எவரும் ஏமாறவில்லை. ஒரு கதை பொருளோடு சேர்ந்தால் அதன் பெறுமதி உயர்கிறது என்பதே அச்சோதனை காட்டிய உண்மை.

கடைக்காரருக்குக் கற்பனை வேண்டியதில்லை. மெய்யான வரலாறு பல பொருள்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பழைய சிங்கர் தையல் இயந்திரத்தில் ஒரு தொடரிலக்கம் பொறித்திருக்கும். அதனைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். பீங்கான் கோப்பையின் அடியிற் செய்தவர் முத்திரை காணப்படும். புத்தகத்தின் முதற்பக்கங்களில் அச்சகம், பதிப்பு, ஆண்டு ஆகியன இருக்கும். சில நூல்களில், பரிசு பெற்ற மாணவன் பெயரைப் பாடசாலை எழுதிக் கொடுத்திருக்கும். அப்பக்கத்தைக் கிழித்தெறியும் கடைக்காரர், தம் கையால் தம் ஆதாயத்தைக் கிழிக்கிறார். விற்க வந்தவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு வைத்துக்கொள்வது நன்று: எத்தனை ஆண்டு பாவித்தீர்கள்? ஏன் விற்கிறீர்கள்? ‘ஒரே குடும்பத்தில் இருபது ஆண்டு இருந்தது, வீடு மாறுவதால் விற்கிறார்கள்’ என்ற உண்மையான ஒரு வரி, ‘மிக நல்ல சாமான்’ என்ற புகழுரையிலும் பெறுமதியுடையது. பெயரையும் முகவரியையும் பிறர்க்கு வெளியிடாதிருத்தல் மரியாதை. ஆனால் அவற்றைக் கடைப் புத்தகத்தில் அடையாள அட்டை இலக்கத்தோடு பதிந்து வைப்பது பாதுகாப்பு. களவுப் பொருளை அறிந்து வாங்கி வைத்திருத்தல் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பதை மறத்தலாகாது.

இனிப் பொருள்களை வைக்கும் முறையைப் பார்ப்போம். குவியல் ஒன்றைக் கண்டால் மனிதன் மலிவை எதிர்பார்ப்பான். தனித்து வைத்த பொருளைக் கண்டால் அதன் சிறப்பைத் தேடுவான். இரண்டும் கடைக்கு வேண்டியவையே. வாசலில் ‘எதை எடுத்தாலும் 100 ரூபா’ என்று ஒரு பெட்டி இருக்கட்டும். துழாவிப் பார்ப்பதில் இன்பமுள்ளோர் அங்கே நிற்பர், நின்றவர் உள்ளேயும் வருவர். உள்ளே நல்ல பொருள்களுக்கு இடம் விட்டு, வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். பத்து வெவ்வேறு கோப்பைகளுக்குள் மறைந்து கிடக்கும் ஆறு ஒத்த கோப்பைகளைத் தேடியெடுத்து ஒரு தட்டில் ஒழுங்காக வைத்தால், உதிரியாக இருந்தவை ஒரு தொகுதியாகிவிடும். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குக. க.பொ.த. பரீட்சைகள் நெருங்கும் மாதங்களிற் கடந்தகால வினாத்தாள்களை முன்வரிசைக்குக் கொண்டுவருக. கிழமைக்கொருமுறை சில பொருள்களை இடம் மாற்றி வைத்தால், பழகிய வாடிக்கையாளரும் ‘இது எப்போது வந்தது?’ என்று கேட்பர்.

இடத்தோடு காலத்தையும் கணக்கிட வேண்டும். 400 சதுர அடிக் கடைக்கு மாத வாடகை 40,000 ரூபா எனின், ஒரு சதுர அடிக்கு 100 ரூபா ஆகிறது. பத்துச் சதுர அடியை அடைத்துக்கொண்டு நிற்கும் அலுமாரி மாதந்தோறும் 1,000 ரூபா தின்கிறது. ‘25,000 ரூபாவுக்கு ஒரு சதமும் குறையேன்’ என்று, 22,000 ரூபா கேட்டவரைத் திருப்பியனுப்பி, நான்கு மாதம் காத்திருந்து தாம் சொன்ன விலைக்கே விற்றவர், 3,000 ரூபா ஆதாயத்துக்காக 4,000 ரூபா வாடகை கொடுத்தவராவார். ஆகவே விலைச்சீட்டின் பின்புறத்திற் பொருள் வந்த திகதியைக் குறித்து வைத்து, ஒரு தவணைக்குப்பின் விலையைக் குறைப்பது புத்தி. நான் முன்னர் குறிப்பிட்ட யப்பானியக் கடையும், விற்காது தங்கிய புத்தகங்களை 100 யென் அடுக்குக்கு மாற்றிவிடும் வழக்கத்தைக் கையாண்டது. மதிப்பை உயர்த்துவது என்பதற்கு விலையை ஒருபோதும் இறக்காமை என்று பொருள் கொள்ளலாகாது.

கொள்முதலிலும் மனித மனத்தை அறிதல் அவசியம். கானமன், நெற்ஷ், தேலர் என்னும் அறிஞர் மூவர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர் சிலருக்குக் கோப்பி குடிக்கும் கோப்பையொன்றை உடைமையாகக் கொடுத்து, எவ்விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டனர். கோப்பை பெறாத மாணவரை, எவ்விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டனர். விற்பவர் கேட்ட விலை, வாங்குபவர் தர இணங்கிய விலையினும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இவ்வளவு பற்று எனின், தந்தையார் அமர்ந்திருந்த சாய்மனைக் கதிரையை விற்க வந்தவரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். அவர் கூடிய விலை கேட்பது பேராசையால் அன்று. அவரிடம் ‘இது குப்பை’ என்று சொல்லி விலையைக் குறைக்க முயல்பவர், பொருளையும் இழப்பார், அம்மனிதரையும் இழப்பார். ‘நல்ல பொருள்தான், ஆயினும் இதற்குப் பிரம்பு பின்ன இவ்வளவு செலவு, விற்கும் விலை இவ்வளவு, ஆகவே என்னாற் கொடுக்க முடிந்தது இவ்வளவு’ என்று கணக்கை விரித்துச் சொல்பவரிடம் அவர் விற்பார், அயலவரையும் அனுப்பி வைப்பார்.

நேயர்களே, மதிப்பை உயர்த்துதல் என்ற பேச்சில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. கறையைக் கழுவுதல் வேறு. வெடிப்பின்மேல் வர்ணம் பூசி மறைத்தல் வேறு. முன்னது வாங்குபவருக்குப் பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. பின்னது அவர் கண்ணைக் கட்டுகிறது. எந்த மெருகும் இந்த எல்லைக்கோட்டின் எப்பக்கம் நிற்கிறது என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: வாங்குபவர் இதனை அறிந்தால் மனம் மாறுவாரா? ஆம் எனின், அதனைச் சொல்லியாக வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், விவரித்து விற்ற பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டுமென்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பாவனையாளரை மயக்கும் நடத்தையைத் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வாங்குபவர் தாமே நம்மைச் சோதிக்கும் சக்தியற்றவர் என்பதை எண்ணுதல் வேண்டும். அடிபட்ட தலைக்கவசம் வெளியே பளபளக்கும். உள்வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த வாகன ரயர், காப்புறை உரிந்த மின்கம்பி, பழைய எரிவாயுக் குழாய் போன்றவற்றை எவ்வளவு ஆதாயம் வருவதாயினும் கடையில் வைக்கலாகாது. அவற்றை மலிவாக வாங்குபவர் பெரும்பாலும் வேறு வழியற்றவர். அவர் பணயம் வைப்பது உயிரை.

ஏமாற்றினால் ஒரு பொருளில் ஒருமுறை ஆதாயம் வரும். ஆனால் ஏமாந்தவர் ‘பழைய சாமான் என்றாலே இப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டு போவார். அந்தச் சொல், அத்தெருவிலுள்ள நேர்மையான கடைகள் அனைத்தின் விலையையும் ஒரு படி இறக்கிவிடும். அக்கலோஃபின் சைக்கிள் சந்தை அவ்வாறே பாழாகிறது.

கடைசியாக, வாங்க வருபவரின் கௌரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாவித்த பொருளை வாங்க வரும் தாய் ஒருத்தி, தெரிந்தவர் கண்ணிற் படாமல் கடைக்குள் நுழைய எண்ணக்கூடும். அவளை வரவேற்பது தூசும் இருளும் அலட்சியமான பதிலுமாயின், ‘உனக்கு இதுவே போதும்’ என்று நாம் சொல்லாமற் சொல்கிறோம். துடைத்த அடுக்கும், எழுதிய விலையும், பொறுமையான விடையும் காத்திருப்பின், அவள் ஒரு நல்ல கடைக்கு வந்து நல்ல பொருளைத் தேர்ந்து வாங்கியவளாக வீடு செல்கிறாள். அவள் மறுமுறை தன் சகோதரியையும் அழைத்து வருவாள். விளம்பரத்துக்குக் காசு செலவிட இயலாத சிறு கடைக்கு இதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை.

பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணி வாணிகம் செய்தலே வாணிகர்க்குரிய நல்ல வாணிகம் என்ற கருத்தைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே கூறியுள்ளார். எல்லா வணிகருக்கும் உரிய அறிவுரையாயினும், பாவித்த பொருளை விற்பவருக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்துவது. அவர் கடையிலுள்ள ஒவ்வொரு பொருளும் நேற்றுப் பிறருடையதாக இருந்தது. நாளையும் பிறருடையதாகப் போகிறது. இடையிலுள்ள சில நாட்களில் அதனைத் துடைத்து, திருத்தி, அதன் நன்மை தீமைகளை அறிந்து, அறிந்ததை அறிந்தவாறே சொல்லி ஒப்படைப்பது அவர் கடமை. அந்தக் கதிரைக்குக் கிடைத்த மேலதிக 3,000 ரூபா இவ்வுழைப்புக்குரிய கூலி. அதனைக் கூசாமற் கேட்கலாம். வாங்குபவரும் மனம் நிறைந்து கொடுப்பார்.